எழுமலை ரவுட்டரை மதுரையிலிருந்தே எழுப்புவது எப்படி? பூட் கோளாறிலிருந்து தானே மீளும் ஏற்பாடு: முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. எழுமலைப் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தின் செயலாளர். "தம்பி, நெட்டுப் பொட்டியில லைட்டு விட்டு விட்டு எரியுது. மிஷின்ல எடை ஏறுது, மேல போக மாட்டேங்குது. பால் ஊத்துறவுக எல்லாம் வரிசைல நிக்கிறாக."

"ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கண்ணே."

"மூணு தடவ பண்ணியாச்சு தம்பி."

முந்தின நாள் இரவு மதுரையிலிருந்து நான்தான் அந்த ரவுட்டருக்குப் புது ஃபர்ம்வேர் (ரவுட்டரை ஓட்டுகிற மென்பொருள்) அனுப்பியிருந்தேன். ஃப்ளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதிக்கொண்டிருக்கும்போதே அங்கே கரண்ட் போயிருக்கிறது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, நான் போய்ச் சேரும்போது காலைப் பால் எடுத்து முடிந்து வண்டியும் கிளம்பியிருந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் நோட்டில் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூடியைக் கழற்றி, சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தால், ரூட் ஃபைல் சிஸ்டத்தை (புரோகிராம்களும் கோப்புகளும் இருக்கிற பகுதியை) மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக்; அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. பழைய ஃபர்ம்வேரை ஏற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போய் வர அரை நாள்.

அந்தப் பத்து நிமிட வேலையை ரவுட்டரே செய்துகொண்டிருக்கலாம். அதற்கு வேண்டிய எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. நான்தான் கோத்து வைக்கவில்லை. அப்புறம் பல மாதம் மேஜையில் உட்கார்ந்து செய்து பார்த்து, உடைத்து, திருத்தி, இன்றைக்கு எங்கள் ரவுட்டர்களில் ஓடுகிற ஏற்பாட்டைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) ஓடுகிற, யூ-பூட் என்கிற பூட்லோடர் (கர்னலை ஏற்றிவிடுகிற சின்ன மென்பொருள்) உள்ள சின்ன ரவுட்டரை வைத்துச் சொல்கிறேன். சிஸ்கோ, ஜூனிப்பர், மைக்ரோட்டிக் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது பின்னால் வருகிறது.

எந்தப் படியில் தடுக்கி விழுகிறது

கரண்ட் வந்ததும் சிப்புக்குள் பதிந்திருக்கும் பூட் ரோம் எழுந்து பூட்லோடரைக் கூப்பிடுகிறது. பூட்லோடர் ராமையும் ஃப்ளாஷையும் தயார்செய்து கர்னலை ஏற்றுகிறது. கர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்து, இனிட் என்கிற முதல் புரோகிராமை ஓட்டுகிறது. இனிட் மற்ற சேவைகளை எழுப்புகிறது. கடைசியாக வான் லிங்க் (வெளி இணைய இணைப்பு) வந்து, டன்னல் (இணையத்தின் ஊடே நமக்கென்று போட்ட பாதுகாப்பான தனிப் பாதை) மதுரைக்கு எட்டுகிறது.

இந்த வரிசையில் எந்த இடத்தில் விழுந்தாலும், மதுரையில் இருக்கிற நமக்குத் தெரிவது ஒன்றுதான்: பிங் (இருக்கிறாயா என்று கேட்கிற சின்னச் செய்தி) போகவில்லை. ஆனால் ஊரில் இருக்கிறவரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டால் பாதி தெரிந்துவிடும். எந்த விளக்கும் எரியவில்லை என்றால் அடாப்டர். ஒரே விளக்கு அசையாமல் எரிகிறது என்றால் பூட்லோடர் அளவிலேயே தகராறு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அணைந்து மறுபடி எரிகிறது என்றால், கர்னலோ இனிட்டோ விழுந்து விழுந்து ரீபூட் ஆகிறது. எல்லாம் ஒழுங்காக எரிகிறது, ஆனாலும் வரவில்லை என்றால் கான்ஃபிக் (நாம் கொடுத்து வைத்த அமைப்புகள்) அல்லது வெளி லிங்க்.

பூட்லோடர் நன்றாக இருக்கும்வரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் ரவுட்டர் தானே மீள வழி உண்டு. பூட்லோடரே கெட்டால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். ஆகவே முதல் விதி: தொலைவில் இருக்கிற ரவுட்டரில் பூட்லோடரைத் தொடாதீர்கள். மைக்ரோட்டிக் ரவுட்டர்போர்டுகளில் இருப்பதுபோல இரண்டாவது மாற்று பூட்லோடர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

படி 1: கரண்டைச் சரிசெய்யுங்கள்

மென்பொருளில் கை வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பூட் கோளாறு என்று நான் நினைத்துப் போனதில் பலவும் அடாப்டரில் முடிந்தவை.

முழுதாகப் போகிற கரண்ட்டைவிட, இறங்கி இறங்கி வருகிற வோல்டேஜ்தான் ஆபத்து. சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடும்போது லைன் வோல்டேஜ் இறங்குகிறது. அடாப்டரின் வெளியீடும் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் சிப் பாதி உயிரோடு இருக்கும். ஃப்ளாஷில் அது எழுதுவது அரைகுறையாகப் போகும். தகரக் கொட்டகையின் அடியில் சித்திரை, வைகாசி வெயிலில் கிடக்கிற அடாப்டருக்குள் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் சீக்கிரம் காய்ந்துபோகும். சும்மா அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். ரவுட்டர் பூட் ஆகி ரேடியோ ஆன் ஆகிற கணத்தில் இழுவை கூடி வோல்டேஜ் சரியும். ஆகவே மல்டிமீட்டரில் அளப்பதாக இருந்தால் ரவுட்டரை மாட்டி, பூட் ஆகும்போது அளந்து பாருங்கள்.

ரவுட்டருக்கென்று விற்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள். வாங்கும்போது ஆம்பியர், பின்னின் அளவு, உள்முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று மூன்றையும் பாருங்கள். அதோடு, கரண்ட் போய் யூபிஎஸ் காலியாகி, மறுபடி கரண்ட் வரும்போது அது தானாக வெளியீட்டைத் தருகிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். சில மாடல்களில் பட்டனை அமுக்கினால்தான் வரும். அப்படிப்பட்டதைத் தொலைவில் வைத்தால் உள்ள தொல்லையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

படி 2: இரண்டு ஸ்லாட்

ஒரே ஃபர்ம்வேர், அதன் மேலேயே புதியதை எழுதுவது என்பதுதான் எழுமலையில் என்னைக் கவிழ்த்தது. ஃப்ளாஷை இரண்டாகப் பிரித்து, ஏ ஸ்லாட்டில் ஓடிக்கொண்டே பி ஸ்லாட்டில் புதியதை எழுத வேண்டும். எழுதும்போது கரண்ட் போனாலும் ஏ பத்திரமாக இருக்கும்.

128 எம்பி நேண்ட் ஃப்ளாஷ் உள்ள ரவுட்டர் இதற்குத் தாராளம். பூட்லோடருக்கு ஒரு துண்டு, அதன் மாறிகளுக்கு (அது நினைவில் வைத்துக்கொள்கிற மதிப்புகளுக்கு) இரண்டு நகல், ஏ-வுக்கும் பி-க்கும் நாற்பது நாற்பது எம்பி, மீதி பொதுத் தரவுக்கு. மாறிகளுக்கு இரண்டு நகல் வைப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே நகலாக இருந்து, அதை எழுதும்போது கரண்ட் போனால் யூ-பூட் தன் உள்ளமைந்த இயல்பு மதிப்புகளுக்குப் போய்விடும். எந்த ஸ்லாட் நல்லது என்பதே அதற்கு மறந்துவிடும்.

16 எம்பி நார் ஃப்ளாஷ்தான் இருக்கிறது என்றால் இரண்டு முழு ஸ்லாட்டுக்கு இடம் போதாது. அங்கே இரண்டாவது ஸ்லாட்டுக்குப் பதில், லிங்க்கை எழுப்பி மதுரையிலிருந்து முழு ஃபர்ம்வேரை இறக்கத் தெரிந்த சின்ன மீட்பு இமேஜ் ஒன்றை வையுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் அதைவிட, ஃப்ளாஷ் பெரிதாக உள்ளதையே வாங்குங்கள். விலை வித்தியாசம் இரண்டு தடவை போய்வருகிற செலவில் அடங்கிவிடும்.

கான்ஃபிக் எங்கே இருக்க வேண்டும் என்பதில் நான் ஒருமுறை தவறினேன். இரண்டு ஸ்லாட்டுக்கும் பொதுவாக ஒரே கான்ஃபிக் வைத்தேன். புது ஃபர்ம்வேர் எழுந்ததும் கான்ஃபிக்கைத் தன் புது வடிவத்துக்கு மாற்றி எழுதிவிட்டது. பிறகு பழையதற்குத் திரும்பியபோது பழையதற்கு அது புரியவில்லை. லிங்க் எழவில்லை. ஸ்லாட்டுக்கு ஒரு கான்ஃபிக் என்று பிரித்து, அப்டேட் செய்யும்போது ஏ-வின் கான்ஃபிக்கை பி-க்கு நகல் எடுங்கள். ஏ-வில் இருப்பதை யாரும் தொடக் கூடாது.

படி 3: பூட்லோடருக்கு எண்ணச் சொல்லிக்கொடுங்கள்

யூ-பூட்டில் இதற்கென்றே வசதி இருக்கிறது. பூட்கவுண்ட் என்று ஒரு எண். ஒவ்வொரு பூட்டின்போதும் அதை ஒன்று கூட்டுகிறது. பூட்லிமிட் என்று ஒரு வரம்பு. பூட்கவுண்ட் வரம்பைத் தாண்டினால், வழக்கமான பூட் கட்டளைக்குப் பதிலாக ஆல்ட்பூட் கட்டளையை ஓட்டுகிறது. லினக்ஸ் நன்றாக எழுந்துவிட்டால், அது பூட்கவுண்ட்டைப் பூஜ்யமாக்க வேண்டும். பூட்லிமிட் 3 என்று வைத்தால், மூன்று தடவை முயன்று, நான்காவது தடவை மாற்று வழிக்குப் போகும். இந்த வசதி பூட்லோடரைக் கட்டும்போதே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டியோடு வருகிற யூ-பூட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எண்ணை எங்கே வைப்பது என்பதுதான் நிதானித்துத் தீர்மானிக்க வேண்டிய இடம். சிப்பின் ஒரு ரிஜிஸ்டரில் (சிப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன நினைவிடத்தில்) வைக்கலாம். ஃப்ளாஷ் தேயாது, ஆனால் பல சிப்களில் கரண்ட் போனால் எண்ணும் போய்விடும். நம் ஊரில் ரவுட்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் செய்வது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதுதானே? அப்படிச் செய்யும்போதெல்லாம் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இன்னொரு வழி, பூட்லோடர் மாறிகளோடு சேர்த்து ஃப்ளாஷில் வைப்பது. கரண்ட் போனாலும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு பூட்டுக்கும் ஃப்ளாஷில் எழுத வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க யூ-பூட் ஒரு வழி வைத்திருக்கிறது: அப்கிரேட்-அவைலபிள் என்கிற மாறி 1 ஆக இருக்கும்போது மட்டும் எண்ணிக்கையைச் சேமிக்கிறது. அப்டேட் போட்டதும் அதை 1 ஆக்குகிறோம். புதியது தேறியதும் 0 ஆக்குகிறோம்.

இரண்டாவது வழியைத்தான் நான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. அப்டேட் தேறி ஆறு மாதம் ஓடிய பிறகு, ஏதோ ஒரு நாள் ஃப்ளாஷில் ஒரு பிளாக் கெட்டுக் கர்னல் ஏறவில்லை என்றால், அப்போது எண்ணிக்கை நடப்பதில்லை. ஆகவே வழக்கமான பூட் கட்டளையையே "இந்த ஸ்லாட்டை ஏற்று, முடியாவிட்டால் அந்த ஸ்லாட்டை ஏற்று" என்று எழுதிவிடுங்கள். கர்னலை ஃபிட் இமேஜ் என்கிற பொதி வடிவத்தில் கட்டினால், ஏற்றும் முன் யூ-பூட் அதன் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்ணை) சரிபார்க்கும். ஒரு பைட் மாறியிருந்தாலும் கண்டுபிடித்து அடுத்ததற்குப் போய்விடும்.

கரண்ட் விட்டு விட்டு வருகிற சாயங்காலத்தையும் கணக்கில் எடுங்கள். புதியது தேறுவதற்குக் கால் மணி நேரம் வேண்டும், அதற்குள் நான்கு தடவை கரண்ட் போய் வந்தால், நல்ல ஃபர்ம்வேரையே கெட்டது என்று தள்ளிவிடும். மினி யூபிஎஸ் இருக்கிற இடத்தில் 3, இல்லாத இடத்தில் 6 என்று வைக்கிறேன். தள்ளினாலும் பழைய நல்லதற்குத்தானே போகிறது, அதனால் பெரிய கேடு இல்லை.

ஆல்ட்பூட் கட்டளை மூன்று வேலை செய்ய வேண்டும்: எந்த ஸ்லாட் என்கிற மாறியை மாற்ற வேண்டும், எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும், இரண்டையும் சேமித்துவிட்டுத்தான் பூட் செய்ய வேண்டும். சேமிக்காமல் மற்ற ஸ்லாட்டை மட்டும் ஏற்றினால் அன்றைக்கு எழும். லினக்ஸ் எண்ணைப் பூஜ்யமாக்கும். அடுத்த தடவை கரண்ட் போனதும் மறுபடி கெட்ட ஸ்லாட்டுக்கே போகும். அப்புறம் இரண்டு ஸ்லாட்டும் கெட்டிருந்தால் ஏ, பி, ஏ, பி என்று சுற்றிக்கொண்டே இருக்காமல், இரண்டாம் சுற்றில் மீட்பு இமேஜுக்குப் போகும்படி இன்னொரு மாறியையும் வையுங்கள்.

லினக்ஸ் பக்கத்திலிருந்து இந்த மாறிகளைப் படிக்கவும் எழுதவும் கருவிகள் உண்டு: எஃப்டபிள்யூ-பிரிண்ட்என்வ், எஃப்டபிள்யூ-செட்என்வ். மாறிகள் ஃப்ளாஷில் எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கின்றன என்பதை ஒரு கான்ஃபிக் கோப்பில் சொல்ல வேண்டும். அதைத் தப்பாகச் சொல்லிவிட்டு எழுதினால் வேறு எதையோ அழித்துவிடுவீர்கள். முதலில் படித்துப் பாருங்கள். செக்சம் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தால் எழுதவே எழுதாதீர்கள்.

படி 4: வாட்ச்டாக்

பூட்லோடர் எண்ண வேண்டுமானால் ரவுட்டர் ரீபூட் ஆக வேண்டும். ஆனால் தொங்கிப்போன ரவுட்டர் ரீபூட் ஆகாது, அப்படியே நிற்கும். அதைப் பிடித்து உலுக்குகிற ஆள்தான் வாட்ச்டாக். அது ஒரு ஹார்ட்வேர் டைமர். குறிப்பிட்ட நேரத்துக்குள் "இருக்கிறேன்" என்று யாராவது தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும். மென்பொருளிலேயே ஓடுகிற சாஃப்ட்டாக் இந்த வேலைக்குப் போதாது. கர்னல் முழுதாக உறைந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துவிடும்.

பலர் வாட்ச்டாக்கை லினக்ஸ் எழுந்த பிறகுதான் ஆன் செய்கிறார்கள். பூட் கோளாறு நடப்பதோ அதற்கு முன்னால். யூ-பூட்டிலேயே ஆன் செய்யுங்கள். அங்கிருந்து கைமாறுகிற இடத்தில் கவனம் வேண்டும். கர்னல் டிரைவர் வந்ததும், ஏற்கெனவே ஓடுகிற வாட்ச்டாக்கைத் தானே தட்ட ஆரம்பிக்கிறது, இனிட் வந்து பொறுப்பெடுக்கும்வரை. இனிட் வரவே இல்லை என்றால்? கர்னல் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் செத்தும் சாகாமல் கிடக்கும். இதற்காகத்தான் வாட்ச்டாக் ஓப்பன்-டைம்அவுட் என்கிற கர்னல் அளவுரு இருக்கிறது. அதில் 120 வினாடி என்று கொடுத்தால், அதற்குள் இனிட் வாட்ச்டாக்கைத் திறக்காவிட்டால் கர்னல் தட்டுவதை நிறுத்திவிடும். பூஜ்யம் என்றால் எப்போதும் காத்திரு என்று பொருள். உங்கள் ரவுட்டர் பூட் ஆக எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, அதைப்போல இரண்டு மடங்கு வையுங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டியில் அதன் பிறகு அதன் இனிட்டான புராக்டி பார்த்துக்கொள்ளும். இயல்பில் 30 வினாடி வரம்பு, 5 வினாடிக்கு ஒருமுறை தட்டல். கூடவே பேனிக் என்கிற கர்னல் அளவுருவைப் பூட் வரியிலேயே 10 என்று கொடுங்கள். பேனிக் ஆனால் பத்து வினாடியில் ரீபூட் ஆகும். லினக்ஸ் எழுந்த பிறகு படிக்கப்படும் சிஸ்கன்ட்ரோல் கோப்பில் (கர்னல் அமைப்புகளை எழுதி வைக்கிற கோப்பில்) இதை வைப்பது மட்டும் போதாது. ரூட்டை மவுன்ட் செய்ய முடியாமல் வருகிற பேனிக், அந்தக் கோப்பைப் படிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது.

படி 5: "எழுந்துவிட்டேன்" என்று யார் சொல்வது

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் எழுந்ததற்கு அடையாளம் லாகின் வருவதோ, விளக்கு பச்சையாவதோ இல்லை. மதுரையில் இருக்கிற நான் அதைத் தொட முடிந்தால்தான் அது எழுந்தது. அதுவரை பூட்கவுண்ட்டைப் பூஜ்யமாக்கக் கூடாது. பூட் முடிந்ததுமே பூஜ்யமாக்குகிற ஸ்கிரிப்ட் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். லினக்ஸ் அருமையாக எழுந்து, வான் டிரைவர் மட்டும் வேலை செய்யாத ஒரு ஃபர்ம்வேர், அந்த ஸ்கிரிப்ட்டின் கண்ணுக்கு நல்ல ஃபர்ம்வேர்.

எங்கள் சோதனை இப்படிப் போகிறது. அப்கிரேட்-அவைலபிள் 1 ஆக இருந்தால் மட்டும் ஓடும். வான் முகவரி வந்ததா? நேரம் சரியானதா? வயர்கார்டு என்கிற மென்பொருள் போடும் டன்னலில் சமீபத்தில் ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்வது) நடந்ததா? டன்னல் வழியாக மதுரை சர்வர் திரும்ப எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து லாகின் செய்கிற வழியில்) உள்ளே வர முடிந்ததா? கடைசிக் கேள்விக்கு ரவுட்டர் பதில் சொல்வதில்லை. சர்வர் உள்ளே வந்து ஒரு சின்னக் கோப்பை வைத்துவிட்டுப் போகும். அந்தக் கோப்பு வந்தால் தேறியது. பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் ரவுட்டர் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். எண் ஒன்று கூடும். நாலாவது தடவையில் பழைய ஸ்லாட்.

நேரத்தைப் பற்றிக் கேட்டேனே, அதற்குக் காரணம் உண்டு. சின்ன ரவுட்டர்களில் பேட்டரியோடு கடிகாரம் இருக்காது. பூட் ஆனதும் ஏதோ பழைய தேதியில் இருக்கும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை போகிறது. முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரை வந்தால் எதிர்முனை ஏற்காது. டன்னலுக்கு உள்ளே இருக்கிற என்டிபி சர்வரை (சரியான நேரம் சொல்கிற சர்வரை) கொடுத்திருந்தால், நேரம் சரியாக டன்னல் வேண்டும், டன்னல் வர நேரம் சரியாக வேண்டும் என்று இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும். டன்னலுக்கு வெளியே எட்டுகிற என்டிபி சர்வர் குறைந்தது இரண்டு கொடுங்கள்.

வெளியே ஃபைபர் அறுந்திருந்தால் நல்ல ஃபர்ம்வேரும் தோற்றுவிடாதா? தோற்கும். பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பும். திரும்பிய இடத்தில் அப்கிரேட்-அவைலபிள் 0 ஆகிவிடுவதால் அங்கேயே நிற்கும். லிங்க் வந்ததும் நமக்குத் தெரியும், மறுநாள் மறுபடி முயலலாம்.

அப்டேட் இல்லாத சாதாரண நாளில் லிங்க் போனால் வேறு கதை. முதலில் வான் இன்டர்ஃபேஸை மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டும். அரை மணி நேரத்துக்கும் வராவிட்டால் மோடம் ரீசெட். இரண்டு மணி நேரத்துக்கும் வராவிட்டால் ஒரு ரீபூட். அதன் பிறகு நான்கு, எட்டு, பன்னிரண்டு மணி நேரம் என்று இடைவெளி நீளட்டும். சாலை வேலைக்குத் தோண்டி ஃபைபர் இரண்டு நாள் அறுந்து கிடக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீபூட் ஆகிற ரவுட்டரால் யாருக்கும் பயன் இல்லை. உள்ளே லோக்கலாக ஓடிக்கொண்டிருப்பதும் கெடும். லிங்க் இல்லை என்பதற்காகக் கான்ஃபிக்கை ஃபேக்டரி ரீசெட் செய்கிற ஸ்கிரிப்ட் எங்கேயாவது இருந்தால் அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

படி 6: கான்ஃபிக் மாற்றும்போது

ஃபர்ம்வேரை விடக் கான்ஃபிக்கில்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறோம். ஃபயர்வாலில் ஒரு வரி தப்பானால் போதும். வழி எல்லாக் கருவியிலும் ஒன்றுதான்: உறுதிசெய்யாவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பு என்று சொல்லிவிட்டு மாற்றுவது.

ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்டு என்கிற கட்டளை. இயல்பில் பத்து நிமிடம் காத்திருந்து, நீங்கள் மறுபடி கமிட் கொடுக்காவிட்டால் பழையதற்குப் போகும். நல்ல கான்ஃபிக்கை ரெஸ்க்யூ கான்ஃபிக்காகவும் சேமித்து வையுங்கள். மைக்ரோட்டிக்கில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி சேஃப் மோடுக்குப் போய் மாற்றுங்கள். இணைப்பு அறுந்தால் மாற்றம் ரத்தாகும். பார்ட்டிஷன் வசதி உள்ள மாடல்களில், பூட் ஆகாவிட்டால் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போக வேண்டும் என்றும் குறிக்கலாம்.

சிஸ்கோவில் ஆர்க்கைவ் (பழைய கான்ஃபிக்கைச் சேமித்து வைக்கிற வசதி) அமைத்திருந்தால் ரிவர்ட் டைமரோடு கான்ஃபிக் மோடுக்குப் போகலாம். இல்லாவிட்டால் பழைய வழி: ரீலோட் இன் 10 என்று கொடுத்துவிட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். கதவு அடைபட்டால் பத்து நிமிடத்தில் ரீலோட் ஆகிப் பழைய கான்ஃபிக்கோடு எழும். நன்றாக இருந்தால் ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். பூட் சிஸ்டம் வரிகள் இரண்டு மூன்று கொடுத்தால் முதல் இமேஜ் ஏறாதபோது அடுத்ததை முயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, கான்ஃபிக் ரிஜிஸ்டர் (எப்படிப் பூட் ஆக வேண்டும் என்று சொல்கிற எண்) ஹெக்ஸ் 2102-ல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ரவுட்டரிலும் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டை மீட்க 2142-க்கு மாற்றி, திருப்ப மறந்த ரவுட்டர் பல மாதம் ஒழுங்காக ஓடும். முதல் கரண்ட் கட்டில், சேமித்த கான்ஃபிக்கையே படிக்காமல் வெறுமையாக எழுந்து நிற்கும்.

படி 7: மேஜையில் உடைத்துப் பாருங்கள்

சோதிக்காத மீட்பு ஏற்பாட்டை நம்பி ரவுட்டரை அனுப்பாதீர்கள். அதே மாடல் ஒன்றை மேஜையில் வைத்து, சீரியல் கன்சோலை மாட்டுங்கள். பெரும்பாலும் 3.3 வோல்ட், வேகம் 115200. கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் மாட்டுங்கள்; விசிசி பின்னைத் தொட வேண்டாம்.

பி ஸ்லாட்டின் கர்னலில் நடுவே சில பைட்களை மாற்றுங்கள். ஹேஷ் தப்பு என்று சொல்லி ஏ-வுக்குப் போக வேண்டும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை அழித்துவிட்டுக் கர்னலை மட்டும் வையுங்கள்; பேனிக், பத்து வினாடி, ரீபூட், நாலாவது தடவை ஏ. இனிட்டுக்குப் பதில் சும்மா தூங்குகிற ஒரு புரோகிராமை வையுங்கள். வாட்ச்டாக் பிடிக்க வேண்டும். கடைசியாக, டன்னல் சாவியை மட்டும் எடுத்துவிட்ட, மற்றபடி முழுக்க நல்ல ஃபர்ம்வேரைப் போடுங்கள். முதல் தடவை எங்கள் ரவுட்டர் இதில்தான் தோற்றது. எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டு, தான் நலம் என்று பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தது. படி 5-ஐ அன்றைக்குத்தான் திருத்தி எழுதினோம்.

அப்புறம் கரண்ட் சோதனை. ஒரு ரிலேயை வைத்து, பி-யில் எழுதிக்கொண்டிருக்கும்போது வெவ்வேறு நொடிகளில் கரண்ட்டை வெட்டுங்கள். கையால் ஐந்து தடவை வெட்டிப் பார்த்துத் திருப்தியாகாதீர்கள். இரவெல்லாம் ஓட விடுங்கள். பூட்லோடர் மாறிகளை எழுதுகிற நேரம் ஒரு நொடியில் சின்னத் துண்டு. அந்தத் துண்டில் வெட்டு விழ நூற்றுக்கணக்கான தடவை வேண்டும்.

படி 8: அனுப்புகிற நாளும் நேரமும்

நடு இரவில் அப்டேட் போடுவது எல்லாருக்கும் பழக்கம். நான் விட்டுவிட்டேன். நடு இரவில் விழுந்தால் விடிகிற நேரத்தில்தான் தெரியும். அப்போது பால் ஊற்ற ஆட்கள் வந்து நிற்பார்கள். காலைப் பால் முடிந்து, சாயங்காலப் பால் தொடங்குவதற்கு முன், பதினோரு மணி வாக்கில் போடுகிறேன். செயலாளர் சங்கத்தில் இருப்பார், போன் எடுப்பார், எனக்கும் மாலைவரை நேரம் இருக்கும். முதலில் மதுரைக்குப் பக்கத்தில், டூவீலரில் போய்விடக்கூடிய ஒரு இடம். இரண்டு நாள் கழித்து இன்னும் மூன்று. ஒரு வாரம் கழித்து மீதி. சித்திரைத் திருவிழா வாரத்திலும் பொங்கல் சமயத்திலும் எதையும் தொடுவதில்லை. அந்த நாட்களில் நகரத்தைவிட்டு வெளியே போவதே பாடு.

இவ்வளவுக்கும் மீறி விழுந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழில் அச்சடித்து ரவுட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். "ஆஃப் பண்ணிப் பத்து எண்ணவும். பின்பக்கத்துச் சின்னப் பட்டனை அமுக்கிக்கொண்டே ஆன் பண்ணவும். சிவப்பு விளக்கு வேகமாக மினுக்கினால் கையை எடுக்கவும். கால் மணி நேரம் தொட வேண்டாம்." அது மீட்பு இமேஜுக்குப் போகிற வழி. கடைசி வரியைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

படி 9: மீண்ட பிறகு

பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிய ரவுட்டர், ஏன் திரும்பினேன் என்று சொல்லியாக வேண்டும். கர்னலில் ராம்ஊப்ஸ் என்று ஒரு வசதி. ராமில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி, பேனிக் ஆகும்போது கடைசி வரிகளை அங்கே வைக்கும். ரீபூட் ஆனாலும் பெரும்பாலும் நிற்கும். கரண்ட் போனால் போய்விடும். எழுந்ததும் பிஸ்டோரிலிருந்து (அந்த வரிகளைக் கோப்பாகக் காட்டுகிற இடத்திலிருந்து) அதை எடுத்து, எந்த ஸ்லாட்டிலிருந்து வந்தேன், எத்தனை தடவை முயன்றேன் என்பதையும் சேர்த்து மதுரைக்கு அனுப்பச் செய்யுங்கள்.

போன மழைக்காலத்தில் பேரையூர்ப் பக்கம் ஒரு ரவுட்டரிலிருந்து அப்படி ஒரு செய்தி வந்தது. காலை பதினொன்றுக்குப் புதியது போனது. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், பி-யில் மூன்று முயற்சி, ஏ-வுக்குத் திரும்பிவிட்டேன் என்று இரண்டே வரி. கூடவே வான் டிரைவர் ஏறாமல் வந்த பேனிக் முழுதாக. சாயங்காலம் செயலாளருக்குப் போன் செய்து, நெட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் போகுது தம்பி. ஏன், எதும் பண்ணுனீகளா?"

"மத்தியானம் ஒரு வேலை பாத்தேண்ணே. முடிஞ்சிருச்சு."

அந்த டிரைவரைச் சரிசெய்து, மறுவாரம் மறுபடி பி-யில் போட்டேன். கால் மணி நேரத்தில் தேறிவிட்டது.